கோடு போடும் முன் பொருளைப் பாருங்கள்: டிராயிங் கற்ற அனுபவம்

பொறியியல் டிராயிங் (ஒரு பொருளை முன்னாலிருந்தும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்தால் தெரிவதைத் தனித்தனித் தோற்றங்களாக அளவோடு வரைவது) கற்கத் தொடங்கிய முதல் மாதத்தில் என் கோடுகள் நன்றாகவே இருந்தன. எழுத்தின் சீர், ஷீட்டின் சுத்தம் எல்லாவற்றுக்கும் பாராட்டு கிடைத்தது. ஆனால் முதல் தேர்வில் 100க்கு 38 தான். தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். ஒரு கோடுகூடக் கோணலாக இல்லை. முன்தோற்றத்துக்குக் கீழே வர வேண்டிய மேல்தோற்றத்தை மேலே வைத்திருந்தேன். பக்கத்தோற்றத்தில் உள்ளே மறைந்திருக்கும் துளைக்கு விட்டுவிட்டு வரும் கோடு போடாமல் முழுக்கோடு போட்டிருந்தேன். கை வரைந்துகொண்டே போயிருக்கிறது, மனசு அந்தப் பொருளைப் பார்க்கவே இல்லை.

அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் உண்மையில் படிக்கத் தொடங்கினேன். புதிதாகக் கற்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: செட் ஸ்கொயரைத் தொடும் முன் பொருளைக் கையில் எடுங்கள். எனக்கு உதவியது ஒரு சோப்புக் கட்டி. அதைக் கனசதுரமாக வெட்டி மேசையில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முன்தோற்றம் ஒரு சதுரம். மேல்தோற்றமும் அதே அளவு சதுரம். உள்ளே வேறு கோடே கிடையாது. பக்கத்தோற்றம் என்ன?

சதுரம் என்றுதான் நானும் எழுதினேன். அது ஒரு விடை மட்டுமே. சோப்பின் முன்பக்கக் கீழ் விளிம்பிலிருந்து பின்பக்க மேல் விளிம்பு வரை சாய்வாக வெட்டி, மேல் துண்டை எடுத்துவிடுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் இன்னும் சதுரம், மேலிருந்து பார்த்தாலும் சதுரம், பக்கத்திலிருந்து முக்கோணம்! சாய்வாக வெட்டாமல் வளைவாகச் செதுக்கினால் கால் வட்டம். இரண்டு தோற்றங்கள் ஒரே மாதிரி இருந்தும் மூன்று வேறு பொருள்கள். இதைக் கத்தியால் வெட்டிப் பார்த்த அன்றுதான், மூன்றாவது தோற்றம் எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது எனக்கு விளங்கியது. தினமும் ஒன்று என்று ஒரு மாதம் இப்படிச் செய்தேன். அதற்கு அப்புறம் சோப்பு தேவைப்படவில்லை.

அடுத்து, எல்லாரும் தடுமாறும் இடம்: தோற்றங்களை ஷீட்டில் எங்கெங்கே வைப்பது என்பதற்கான இரண்டு முறைகளில், முதல் கோணமா, மூன்றாம் கோணமா? மனப்பாடம் செய்தால் தேர்வுப் பதற்றத்தில் நிச்சயம் மாறிப்போகும். முதல் கோணத்துக்கு டார்ச் வெளிச்சத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து அடித்தால் நிழல் தரையில் விழும், அதனால் மேல்தோற்றம் கீழே வருகிறது. இடப்பக்கம் பார்த்தது வலப்பக்கம் போகும். மூன்றாம் கோணத்துக்குக் கண்ணாடிப் பெட்டி. பொருள் பெட்டிக்குள் இருக்கிறது, எந்தப் பக்கம் நின்று பார்க்கிறீர்களோ அந்தப் பக்கக் கண்ணாடியிலேயே வரைகிறீர்கள். ஷீட்டில் நுனி வெட்டிய கூம்பும் இரண்டு வட்டங்களும் கொண்ட குறியீடு இருக்கும். கூம்பின் சிறிய முனை வட்டங்களைப் பார்த்து இருந்தால் மூன்றாம் கோணம், பெரிய முனை பார்த்து இருந்தால் முதல் கோணம். இப்போதெல்லாம் எந்தத் தாளை எடுத்தாலும் என் கண் முதலில் போவது அங்கேதான்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் லேசாகப் போடும் துணைக்கோட்டுக்கு 2H பென்சில், இறுதிக் கோட்டுக்கு H அல்லது HB. தடித்த கோடு மெல்லியதைப் போல இரு மடங்கு, 0.7 மி.மீ.க்கு 0.35 என்பதுபோல. மையக்கோடுகளை முதலில் போடுங்கள். வட்டங்களையும் வில்களையும் முடித்துவிட்டு அப்புறம் நேர்கோடுகளைச் சேருங்கள், ஏனென்றால் வில்லுக்கு நேர்கோட்டை இணைப்பது சுலபம், நேர்கோட்டுக்கு வில்லைப் பொருத்துவது பாடு. எழுத்தின் உயரம் 2.5, 3.5, 5, 7 என்று போவது ஏன் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். A3 தாளை A4 ஆகச் சுருக்கினால் 5 மி.மீ. எழுத்து ஏறக்குறைய 3.5 ஆகிறது. தாளின் பக்கங்களும் எழுத்தின் உயரங்களும் ஒரே √2 விகிதத்தில் நடக்கின்றன. இது தெரிந்த அன்று எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் நினைவில் இருக்கிறது.

பரிமாணம், அதாவது அளவு, குறிப்பதில்தான் மதிப்பெண் அதிகம் போகிறது, பட்டறையில் பொருளும் அங்கேதான் பாழாகிறது. 100 மி.மீ. நீளத் தகட்டில் இரண்டு துளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஓரத்திலிருந்து முதல் துளையின் மையம் 20, அங்கிருந்து அடுத்த மையம் 60, பிறகு ஓரம் வரை 20. கூடவே மொத்தம் 100 என்றும் எழுதத் தோன்றும். நான்கையும் சேர்த்து எழுதக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ±0.1 விலகல் அனுமதி என்றால், மூன்றும் சேர்ந்து ±0.3 வரை போகலாம், ஆனால் மொத்த அளவு ±0.1 தான் என்கிறது. செய்கிறவர் எதை நம்புவார்? மொத்தத்தை வைத்துக்கொண்டு, முக்கியமில்லாத ஒன்றை விட்டுவிடுங்கள். துளை இருக்கும் இடத்தை எப்போதும் அதன் மையம் வரை அளந்தே கொடுங்கள், விட்டத்தை ø போட்டு எழுதுங்கள். ஸ்கேல் 1:2 ஆக, அதாவது பாதி அளவில் வரைந்ததாக, இருந்தாலும் எழுதும் எண் பொருளின் உண்மையான அளவுதான்.

பொருளை வெட்டி உள்ளே இருப்பதைக் காட்டும் வெட்டுத்தோற்றத்தில், வெட்டுப்பட்ட பரப்பை 45 பாகைச் சாய்கோடுகளால் நிரப்பும் ஹேட்சிங் போடக் கற்றதும் எல்லாவற்றையும் நிரப்பிவிட ஆசை வரும். பொருளுக்கு வலு சேர்க்கும் மெல்லிய தகடான தாங்குவிலாவை நீளவாக்கில் வெட்டினால் அதை நிரப்பாமல் விட வேண்டும், நிரப்பினால் மெல்லிய தகடு ஒரு திண்மப் பிண்டம்போலத் தெரியும்.

கணினியைப் பற்றிக் கேட்பார்கள். கணினியில் வரைவதற்கான ஆட்டோகேட் மென்பொருள் 1982இலேயே வந்துவிட்டது, இன்று வேலை முழுக்க அதுபோன்ற மென்பொருள்களில்தான். இருந்தும் முதல் இரண்டு மூன்று மாதம் கையால் வரையுங்கள் என்றே சொல்வேன். முப்பரிமாண மாதிரியிலிருந்து தோற்றங்களை மென்பொருள் ஒரு நொடியில் எடுத்துத் தரும். எந்தப் பக்கத்தை முன்தோற்றமாக வைத்தால் பொருள் நன்றாகப் புரியும், எங்கே வெட்டினால் உள்ளே இருப்பது தெரியும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்தக் கண் வரைபலகையில் கையால் வரைந்தபோதுதான் எனக்கு வந்தது.

தேர்வு நாளில் முதல் பத்து நிமிடம் ஷீட்டைத் தொடாதீர்கள். எந்தக் கோணம் என்ற சொல்லை வினாத்தாளில் வட்டமிட்டு, மூன்று தோற்றங்களையும் வெறுங்கையால் சின்னதாகக் கிறுக்கிப் பாருங்கள். இரண்டாம் தேர்வில் எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

ஒரு வரைபடம் சரியா என்று பார்க்க இன்னொரு வழியும் வைத்திருக்கிறேன். வரைந்ததை நண்பரிடம் கொடுத்து, வாயால் ஒரு விளக்கமும் சொல்லாமல், அட்டையில் செய்யச் சொல்வேன். முதல் முறை அவர் பாதி வெட்டிவிட்டு எழுந்து வந்தார். "இந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார். ஷீட்டை வாங்கித் தேடினேன். மூன்று தோற்றங்களிலும் எங்கேயும் இல்லை. பென்சிலை எடுத்து, பக்கத்தோற்றத்தில் 6 என்று எழுதிக் கொடுத்தேன்.