ரெண்டு கோடு போடுங்க அண்ணா

"அண்ணா, இப்ப மாடல் நல்லா ஆயிருக்கா, இல்ல நாம காட்டுறதைக் குறைச்சுக்கிட்டோமா?"

கேட்டவர் எங்கள் சின்ன ஏஐ டூல் கம்பெனியில் மூன்றாவது ஆளாக வேலைக்குச் சேர்ந்த பெண். 2023 பிப்ரவரி, வெள்ளிக்கிழமை சாயங்காலம். போர்டு மீட்டிங்குக்கு நாலே நாள். "நம்பர் பொய் இல்லையே" என்று சொன்னேன். இன்று வரைக்கும் அந்த மூன்று வார்த்தைகளை மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அது உண்மையாகத்தான் இருக்கிறது. அதுதான் என்னைப் படுத்துகிறது.

புரோகிராமர் புரோகிராம் அடிக்கும்போது அடுத்து வரவேண்டியதைச் சாம்பல் நிற எழுத்தில் காட்டுவது எங்கள் டூல். அதை ஊகித்துச் சொல்லும் ஏஐதான் மாடல். பிடித்தால் டேப் அழுத்துவார்கள். காட்டியதில் நூற்றுக்கு எத்தனைக்கு டேப் விழுந்தது என்பது அக்செப்டன்ஸ் ரேட். இது ஏற இரண்டு வழி உண்டு. மாடல் நல்ல சஜஷன் கொடுக்கலாம். அல்லது சந்தேகமானவற்றைக் காட்டாமலே விட்டுவிடலாம். ஒவ்வொரு டோக்கனுக்கும், அதாவது ஒவ்வொரு சின்ன எழுத்துத் துண்டுக்கும், மாடல் ஒரு நிகழ்தகவு கொடுக்கும். அதன் சராசரி நாங்கள் வைத்த எல்லைக்கு, அதாவது த்ரெஷோல்டுக்கு, கீழே போனால் காட்டுவதில்லை. அந்த வாரம் நான் செய்தது அந்த ஒரு எண்ணைத் தூக்கியதுதான். மாடலில் கை வைக்கவில்லை. அக்செப்டன்ஸ் ரேட் ஒரே வாரத்தில் சுமார் பத்துப் புள்ளி ஏறியது.

அவர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். இரண்டு எடிட்டரில் ஒரே ஃபைல். பழைய த்ரெஷோல்டில், தேதியைப் பிரித்தெடுக்கும் ஃபங்ஷனுக்கு எட்டு வரி வந்தது. அதில் இரண்டு வரி தப்பு, டைம்ஸோனைக் கோட்டை விட்டிருந்தது. புதியதில் அந்த இடத்தில் எதுவுமே வரவில்லை. கீழே போனால் ஒரு அடைப்புக்குறியை மூடிக் கொடுத்தது. அப்புறம், கோ மொழியில் எர்ரர் வந்ததா என்று பார்க்கும் அந்த மூன்று வரி. யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு டேப் அழுத்துவார்கள். "இதுக்குத்தான் மார்க் கிடைக்குது அண்ணா" என்றார்.

அப்போதைய நிலைமையையும் சொல்ல வேண்டும். இதே தொழிலில் எங்களுக்கு வெகு முன்னாலிருந்தே இருந்த கைட் என்ற கம்பெனி 2022 நவம்பரில் மூடிவிட்டதாக அறிவித்தது. மாதம் 5 லட்சம் டெவலப்பர்கள் பயன்படுத்தினார்கள், ஆனால் காசு கொடுக்க யாரும் தயாராக இல்லை என்று அவர்களே எழுதினார்கள். அதே மாதக் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. எங்களுடையதைப் போன்ற டூலான கிட்ஹப்பின் கோபைலட் மாதம் 10 டாலருக்குக் கிடைத்தது. நாங்கள் போன இடமெல்லாம் "கோபைலட் இருக்கே, நீங்க எதுக்கு?" என்றுதான் கேட்டார்கள். ஐந்து மாதச் சம்பளத்துக்குத்தான் பணம் இருந்தது. அந்தப் பெண்ணின் சம்பளமும் அதில்தான் வந்தது.

தொழில்நுட்பமாகவும் எனக்கு நியாயம் இருந்தது. தப்பான சஜஷன் படிப்பவரின் கவனத்தைக் கெடுக்கும். வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடம் தெரிந்திருப்பதும் ஒரு திறமைதான். தவிர, 2022இல் கிட்ஹப் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்று இருந்தது. ஏற்றுக்கொண்ட புரோகிராம் வரி கடைசி வரை அழியாமல் நிற்கிறதா என்று பார்ப்பதைவிட, அக்செப்டன்ஸ் ரேட்தான் டெவலப்பர்கள் உணரும் வேலை வேகத்தோடு நன்றாக ஒத்துப்போகிறது என்று சொன்னார்கள். அதைப் போர்டுக்குக் காட்டும் ஸ்லைடின் அடியில் போட்டிருந்தேன். "உணரும்" என்ற வார்த்தையை நான் அப்போது நிறுத்திப் படிக்கவில்லை.

2025 ஜூலையில் மெட்ர் என்ற அமைப்பின் ஆய்வு வந்தது. அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்கள் பங்கேற்றார்கள். ஏஐ டூல்கள் கையில் இருந்தபோது அவர்கள் 19 சதவீதம் அதிக நேரம் எடுத்தார்கள். ஆனால் 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நம்பினார்கள். சின்ன ஆய்வுதான். தங்கள் புரோஜெக்டை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவர்கள் அவர்கள். எங்கள் டூலும் அதில் இல்லை. அதை வைத்து எங்களைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் படித்து முடித்ததும் அந்த வெள்ளிக்கிழமைதான் ஞாபகம் வந்தது.

த்ரெஷோல்டை ஏற்றியதே தப்பு என்று அந்தப் பெண் சொல்லவில்லை. ஸ்லைடில் இருந்த சார்ட்டில் கேட்டது மிகச் சின்ன மாற்றம். "ரெண்டு கோடு போடுங்க அண்ணா. ரேட் ஒரு கோடு. மொத்தம் எத்தனை சஜஷன் காட்டினோம்னு இன்னொரு கோடு." போர்டு குழம்பும் என்றேன். குழம்பியிருக்க மாட்டார்கள். அதில் ஒருவர் பல வருஷம் புரோகிராம் எழுதியவர். அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நம்புகிறேன். அவர் கேட்கவில்லை. கேட்கக்கூடாதே என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேனா என்பதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை.

பணம் வந்தது. ஆறு பேர் பத்தொன்பது பேரானோம். தொந்தரவாக இருக்கிறது என்று வந்த புகார்கள் குறைந்தன, டூலை நீக்கியவர்களும் குறைந்தார்கள். அப்படியானால் முடிவு சரி, ஸ்லைடு மட்டும் தப்பு என்று பிரித்துக்கொள்ளலாம். பல ராத்திரி அப்படித்தான் பிரித்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். ஆனால் அந்த எண் ஸ்லைடோடு நிற்கவில்லை. அடுத்த காலாண்டுக்கு அதுவே டார்கெட் ஆனது. எதைக் காட்டக்கூடாது என்பதிலேயே மொத்த டீமும் கெட்டிக்காரர்களாக ஆனோம். வெளியே முழு ஃபைலையும் எழுதித் தரும் டூல்கள் வரத் தொடங்கியபோது, நாங்கள் ஒரு வரிக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தோம். பெரிய மாடலை ஓட்ட வேண்டிய ஜிபியு சிப்களின் செலவை எங்களால் தாங்கியிருக்க முடியாது என்பதும் உண்மை. எது காரணம், எது சாக்கு என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

அந்தப் பெண் எட்டு மாதம் கழித்து வேலையை விட்டார். வீட்டுச் சூழ்நிலை என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

போன மாதம், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் அந்த த்ரெஷோல்ட் வரியைக் காட்டி, "இதை மாத்தினவர்னு உங்க பேர் இருக்கு, இந்த நம்பர் எப்படி வந்துச்சு?" என்று கேட்டான். அரை மணி நேரம் விளக்கினேன். ஸ்லைடைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. "அப்ப காட்டினது எவ்வளவு குறைஞ்சுது? டேட்டா இருக்கா?" என்றான். பழைய டாஷ்போர்டைத் தேடித் திறந்தோம். அந்த வெள்ளிக்கிழமை தேதியிட்டு, யாருக்கும் ஷேர் செய்யாத ஒரு சார்ட் கிடந்தது. இரண்டு கோடு. ஒன்று மேலே போகிறது, மற்றது அதைவிடச் செங்குத்தாகக் கீழே இறங்குகிறது.

அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதை யார் போட்டது?" என்றான்.

பெயரைச் சொன்னேன்.