பஞ்சுவின் பதினெட்டு நகங்கள்

ஜூன் 2, 2024, ஞாயிறு

எங்கள் நாய் பஞ்சு நடந்தால் மொசைக் தரையில் டக் டக்கென்று சத்தம். சும்மா நிற்கும்போதே நகம் தரையைத் தொடுகிறது. இன்றைக்கு சோபாவிலிருந்து குதித்தவன் கால் வழுக்கி விழுந்தான். முன்னங்காலில் உள்பக்கமாக, கொஞ்சம் மேலே இருக்கும் கட்டைவிரல் நகம்தான் எனக்குப் பெரிய கவலை. அது தரையில் படுவதே இல்லை, அதனால் தேயாது. வளைந்துகொண்டே வந்து இப்போது சதையைத் தொடப் பார்க்கிறது.

நகவெட்டியைப் பார்த்தாலே கட்டிலுக்கடியில் ஓடிவிடுகிறான். மார்ச்சில் ஒரு கடையில் இரண்டு பேர் அமுக்கிப் பிடித்து வெட்டினார்கள், ஒரு நகத்தில் ரத்தம் வந்தது. ஆறு கிலோ உடம்பு முழுவதும் நடுங்கியது. நான் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அப்போதே உள்ளே போய் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 3, திங்கள்

"தெருநாய்க்கெல்லாம் யாருடி நகம் வெட்டி விடுறா?" என்றார் அம்மா. நாள் முழுக்க தார் ரோட்டில் ஓடுகிற நாய்க்கு நகம் தானாகத் தேய்ந்துவிடும். வீட்டுக்குள்ளேயே கிடக்கிறவனுக்கு எப்படித் தேயும்?

டாக்டரிடம் கூட்டிப் போய்க் காட்டினேன். நகம் இன்னும் சதைக்குள் இறங்கவில்லை, சில வாரம் தாங்கும், அவசரப்படாமல் பழக்குங்கள் என்றார். முடியாவிட்டால் பயத்தைக் குறைக்க மாத்திரை தருவாராம். அதைக் கேட்டதும்தான் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

ஜூன் 4, செவ்வாய்

தேர்தல் முடிவு வந்த நாள். மதியத்திலிருந்து தெருவில் வெடி. பஞ்சு குளியலறை மூலையை விட்டு வெளியே வரவில்லை. இன்றைக்கு எதுவும் வேண்டாம் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 8, சனி

மூன்று நாளாக நகவெட்டியை எடுக்கவே இல்லை. தோளைத் தொடுவேன், உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுப்பேன். முழங்கை, இன்னொரு துண்டு. பாதம், இன்னொன்று. பாதத்துக்கு வந்ததும் உதட்டை நக்கினான், அப்புறம் கொட்டாவி விட்டான். தூக்கம் வருகிறது என்றுதான் முன்பெல்லாம் நினைப்பேன். அது பயம். அவன் காலை இழுக்கும் முன்பே என் கையை எடுத்துவிட வேண்டும். இழுத்தால்தான் விடுவார்கள் என்று அவன் கற்றுக்கொள்ளக் கூடாது.

ஜூன் 12, புதன்

நகவெட்டியைத் தரையில் வைத்து அதைச் சுற்றிக் கோழித் துண்டு போட்டேன். வந்து தின்றான். காய்ந்த சேமியாவை அதே நகவெட்டியால் அவன் பக்கத்தில் நறுக்கினேன். அந்த 'டிக்' சத்தத்துக்குக் காது பின்னால் போனது. நான்காவது தடவை காது அசையவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

முதல் நகம்! இடது கட்டைவிரல். முடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் எடுத்தேன். என் வீட்டுக்காரரின் கையிலிருந்த தயிர்ச்சோற்றுத் தட்டை அவன் நக்கிக்கொண்டிருந்தான். ஒன்றோடு நிறுத்திவிட்டேன். வலது கட்டைவிரல் நாளைக்கு.

ஜூன் 25, செவ்வாய்

பஞ்சு வெள்ளையாக இருந்தாலும் நகமெல்லாம் கறுப்பு. பின்னங்காலில் இரண்டு மட்டும் வெள்ளை. வெள்ளை நகத்தில் உள்ளே இருக்கும் ரத்தக்குழாய் இளஞ்சிவப்பாகத் தெரியும், அதற்கு முன்னால் நிறுத்திவிடலாம். கறுப்பில் எதுவும் தெரியாது. காகிதம் போல மெல்லிசாகச் சீவிச் சீவி வெட்டுவாயைப் பார்க்கிறேன். முதலில் காய்ந்து வெளிறிப்போயிருக்கும். நடுவில் கருமையாக ஒரு புள்ளி தெரிந்தால் அதோடு சரி, அதற்கு மேல் போகக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு நகம். பகல் வெளிச்சத்தில் மட்டும்.

ஜூலை 2, செவ்வாய்

தவறு செய்துவிட்டேன். நன்றாகப் போகிறதே என்று இரண்டாவது நகத்துக்குப் போனேன். 'கீச்' என்று கத்தினான், ரத்தம். சோளமாவைத் தயாராக வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. மாவை அப்பி, எடுத்து எடுத்துப் பார்க்காமல் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தேன், நின்றுவிட்டது. கத்தினானே தவிர கடிக்கவில்லை. அவன் கடித்திருந்தாலும் அவனைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

மூன்று நாளும் கோழி மட்டும்தான், வெட்டு கிடையாது. மறுபடியும் தோளிலிருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை பாதத்துக்கு வர ஒரே நாள்தான் ஆனது.

ஜூலை 14, ஞாயிறு

பதினெட்டாவது நகமும் முடிந்தது. முன்னங்காலில் பக்கத்துக்கு ஐந்து, பின்னங்காலில் நான்கு. வெட்டும்போது நடுக்கம் இல்லை. காலை இழுத்தான், விட்டேன். தட்டைப் பார்த்தான், திரும்ப வந்து உட்கார்ந்தான்.

பின்னங்கால் சத்தம் இன்னும் கேட்கிறது. நகம் நீளமாகவே இருந்ததால் உள்ளே ரத்தக்குழாயும் நீண்டுவிட்டது. வாராவாரம் நுனியை எடுத்துக்கொண்டே வந்தால் அதுவும் மெல்லப் பின்வாங்குமாம். அதற்குள் முதலில் வெட்டிய கட்டைவிரல் வளர்ந்துவிட்டது. நாளைக்குக் காலையில் அது. கோழி வாங்கி வைத்தாயிற்று.