விற்றது வேறு, வந்தது வேறு

அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறு தொழில் ஒன்றைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஆர்டர் பிடிப்பது எப்படி, விலை போடுவது எப்படி என்பதுதான். வசூலைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. நான் தொழிலில் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

லாபம் வேறு, கையில் இருக்கிற பணம் வேறு. கேட்கும்போது தெரிந்த விஷயம் போலத்தான் இருக்கும், சம்பளத் தேதி நெருங்கும்போதுதான் உறைக்கும். சின்னக் கணக்குதான். காகிதம் கொடுத்தவருக்கு 15 நாளில் பணம் கட்ட வேண்டும், பெட்டி வாங்கிய பார்ட்டி 45 நாள் கழித்துத்தான் தருவார் என்றால் நடுவில் உள்ள 30 நாளும் நம் பணத்தில்தான் வண்டி ஓட வேண்டும். ஆர்டர் இரண்டு மடங்கானால் அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்ளும் பணமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் தொழில் நன்றாக வளர்கிற நேரத்தில் பணம் புரட்ட அலைய வேண்டியிருக்கிறது.

சின்ன ஆட்களுக்கு மட்டும் வருகிற சிக்கல் இல்லை இது. அமெரிக்காவில் டபிள்யூ. டி. கிராண்ட் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகளோடு ஒரு சில்லறை விற்பனை நிறுவனம் இருந்தது. 1975இல் திவாலானது. அதற்குச் சில வருடங்கள் முன்பு வரைகூட லாபம் காட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் வாடிக்கையாளர்களுக்குத் தாராளமாகக் கொடுத்த கடன் ஒரு பக்கம், தேங்கிய சரக்கு ஒரு பக்கம் என்று பணமெல்லாம் முடங்கி, வியாபாரத்திலிருந்து ரொக்கம் வருவது நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. லாபக் கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரியவே இல்லை.

சரி, பணம் ஏன் தாமதமாகிறது? பார்ட்டிக்குக் கொடுக்க மனமில்லை என்றுதான் முதலில் தோன்றும். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் காகிதத்தில்தான் சிக்கிக்கொண்டிருக்கும். நம் பில்லில் பர்ச்சேஸ் ஆர்டர் எண் (அவர்கள் ஆர்டருக்குக் கொடுத்த எண்) விட்டுப்போயிருக்கும், அல்லது சரக்கு இறங்கியதை அவர்கள் ஸ்டோரில் சிஸ்டத்தில் ஏற்றியிருக்க மாட்டார்கள், 500 பெட்டி அனுப்பி 12 பெட்டி நசுங்கிப்போயிருந்தால் அந்த 12க்கான தொகையைக் கழித்து நாம் தர வேண்டிய கிரெடிட் நோட் வரும்வரை மொத்த பில்லையும் ஓரமாக வைத்துவிடுவார்கள். கெடு முடிந்த பிறகு போன் செய்து கேட்டால்தான் இதெல்லாம் தெரியவரும், அதன்பின் சரிசெய்து அனுப்பினால் 45 நாளை அன்றிலிருந்து எண்ணுகிறவர்களும் உண்டு. அதனால் பில் போன மூன்றாம் நாளே ஒரு போன். பணம் கேட்பதற்காக இல்லை, "பில் கிடைத்ததா மேடம், ஏதாவது திருத்தம் இருக்கா?" என்று கேட்கத்தான். முதலாளியோடு எவ்வளவு நெருக்கமாகப் பழகினாலும் செக் போடுகிற பட்டியலில் நம் பெயரை எழுதுவது கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறவர். எந்தக் கிழமை அந்தப் பட்டியல் தயாராகிறது என்று தெரிந்துகொண்டு அதற்கு முந்தைய நாள் பேசினால் ஒரு வாரம் மிச்சம்.

பணம் கேட்கக் கூச்சப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கேட்டால் உறவு கெட்டுவிடும் என்கிறார்கள். நாம் கேட்பது நம் ஆட்கள் ராப்பகலாக வேலை பார்த்த கூலியை. மரியாதையாக, தேதி தவறாமல் கேட்கிறவரிடம் கோபித்துக்கொண்டு போன நல்ல பார்ட்டியை நான் பார்த்ததில்லை.

சீக்கிரம் வந்தால் போதும் என்று தள்ளுபடி கொடுக்கிறவர்கள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 30 நாளில் தர வேண்டியதை 10 நாளில் தந்தால் 2 சதவீதம் கழிவு என்பது பல இடங்களில் பழக்கம். வெறும் 2 தானே என்று தோன்றும். 20 நாள் முன்னால் வாங்குவதற்காக 98க்கு 2 விட்டுக்கொடுக்கிறோம், வருடக் கணக்கில் அது 37 சதவீத வட்டிக்குச் சமம். வேறு வழியே இல்லாதபோது சரி, வழக்கமாக வைத்துக்கொண்டால் லாபத்தை அதுவே தின்றுவிடும்.

அப்புறம், ஒரே பார்ட்டியிடம் விற்பனையில் பாதி போய்ச் சேர்ந்தால் எத்தனை நாள் கடன் என்பதை அவர்தான் தீர்மானிப்பார், நாம் இல்லை. பெரிய பெயராக இருந்தாலும் அந்த நிலைக்கு விடக் கூடாது.

பழைய பாக்கி கெடு தாண்டி நிற்கும்போது வருகிற புது ஆர்டரை நான் உடனே மறுப்பதில்லை. பாக்கியில் ஒரு பகுதியும் புதுசுக்கு அட்வான்ஸும் வந்தால் மெஷினில் ஏற்றுவேன். வரவில்லையென்றால் அந்த வாரம் மெஷின் சும்மா நின்றாலும் பரவாயில்லை, காகிதமாவது என்னிடம் இருக்கும்.