ராத்திரி ரெண்டு மணி கரண்டு

ராத்திரி ரெண்டு மணிக்கு தெரு பூரா "மீ லா பீ"ன்னு ஒரே சத்தம், மியான்மர்ல, யாங்கூன்ல இருக்கவங்களுக்கு இது என்னன்னு சொல்லவே வேணாம், கரண்டு வந்துருச்சு. அம்மா எழுந்து மோட்டார போட்டு மாடிக்கு தண்ணி ஏத்துனாங்க, நான் கிரைண்டர்ல ஊறிக் கெடந்த உளுந்த போட்டேன், பாதி அரைக்கறதுக்குள்ள போயிருச்சு. இன்னிக்கு இட்லி கல்லு மாதிரி, யாரும் வாயத் தொறக்கல!

நம்ம நாட்டுல கரண்டுல பெரும்பங்கு டேம்ல இருந்துதான், ஆனா ஏப்ரல் வெயில்ல எல்லாரும் ஃபேன் போடுற நேரத்துலதான் டேம்ல தண்ணி வத்தும், அப்பவாவது கேஸ் கைகொடுக்கணும்ல, ஆனா கடல்ல எடுக்கற கேஸ்ல பெரும்பகுதி பைப்ல தாய்லாந்துக்கும், 2013ல இருந்து சீனாவுக்கும் போகுது. டாலர் வேணும், புரியுது. 6000 மெகாவாட் மிட்சோன் டேம் கட்டுற வேலை 2011ல நின்னப்ப எங்க மாமா தலையில அடிச்சுக்கிட்டாரு, அதுல வர்ற கரண்டுலயும் 90 சதவீதம் சீனாவுக்குத்தான் மாமான்னதும் கப்சிப். 2030ல எல்லா வீட்டுக்கும் கரண்டுன்னு பிளான் போட்டாங்க, கம்பி எங்க வீட்டுக்கு எப்பவோ வந்தாச்சு, கம்பிக்குள்ள ஓட ஒண்ணும் இல்லையே.

எதிர்வீட்டு அக்கா சோலார் பேனல் வாங்கிட்டாங்க. கிரைண்டர் ஓடுமான்னு கேக்கணும்.