எல்லாருக்கும் பத்து

தராசில் நிற்பவர் மறுத்துப் பேசியிருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன். "சரிங்க சார்" என்றார், அவ்வளவுதான்.

ஐப்பசி மழை. கோத்தகிரிப் பக்கம் தேயிலை ஃபேக்டரிக்கு மேனேஜராக வந்து இருபது நாள் ஆகியிருந்தது. அதற்கு முன் பதினேழு வருஷம் கோவையில் நூற்பாலை. இங்கே விவசாயிகள் கொண்டுவரும் இலையை எடை போட்டு வாங்குவார்கள். நனைந்த இலைக்கு எடையில் இத்தனை சதவீதம் என்று தண்ணீர் கழிப்பார்கள். தராசில் நின்றவர் ஒவ்வொரு பையிலும் கைவிட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்குவார். விரலிடுக்கில் கசிவதைப் பார்த்து ஒருவருக்கு ஆறு, அடுத்தவருக்குப் பன்னிரண்டு என்று சீட்டில் எழுதுவார்.

"இது எந்தக் கணக்கு?"

"கையில தெரியுங்க சார்."

"அதை ஆடிட்டர்கிட்ட எப்படிக் காட்டுறது? மழை நாள்ல எல்லாருக்கும் பத்து சதவீதம் போடுங்க."

"சரிங்க சார்."

நியாயம் என்று நம்பித்தான் சொன்னேன். பஞ்சில் ஈரத்துக்கு 8.5 சதவீதம் என்று ஒரே அளவு, அதை வைத்தே எடையைச் சரிசெய்வோம். ஆனால் அது காற்றிலிருந்து இழைக்குள் ஏறும் ஈரம். இலைமேல் நிற்கும் தண்ணீர் பைக்குப் பை மாறும். மழையோடு பறித்ததா, விட்டபிறகா, வடியவிட்டார்களா என்பதைப் பொறுத்தது. புதிதாகச் சேர்பவர்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டால் பழைய இடத்தின் அர்த்தத்தையே அதற்குக் கொடுத்துவிடுவார்கள் என்று மெரில் லூயிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980இலேயே எழுதியிருக்கிறார். உள்ளே இருப்பவரிடம் பேசினால்தான் அது திருந்துமாம். நானும் பேசினேனே. தராசில் நின்றவரிடம் காரணம் கேட்டேன், பதிலைத்தான் ஏற்கவில்லை.

இரண்டு வாரத்தில், இலையைப் பரப்பி வடியவிட்டுக் கொண்டுவரும் ஒரு அம்மா வேறு ஃபேக்டரிக்குப் போய்விட்டார். சொட்டச் சொட்ட வரும் பைகள் கூடின. இலை வாட நேரம் இழுத்தது, விறகு கூடுதலாகப் போனது. நாலு கிலோவுக்கு மேல் இலை போட்டால்தான் ஒரு கிலோ தூள். அதில் தண்ணீரையும் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தோம்.

ஆனாலும் முழுத் தவறு என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. பத்து போடச் சொன்னதற்கு இரண்டு நாள் முன்னால், தராசில் நின்றவருடைய மச்சான் பை சொட்டிக்கொண்டிருந்தது, சீட்டில் ஐந்து. என் கண்ணால் பார்த்தேன். மேலே மட்டும் நனைந்து அடியில் காய்ந்திருந்ததோ என்னவோ. அன்றே கேட்டிருக்கலாம்.

மில்லில் பிடிக்காததைச் சத்தமாகச் சொல்வார்கள், சங்கம் இருந்தது. யாராவது "சரிங்க" என்றால் ஒத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். இவர் எனக்கு முன் நாலு மேனேஜர்களைப் பார்த்தவர். அவருடைய "சரிங்க"வில் என்ன இருந்தது?

கார்த்திகையில் நானே போய், "பழையபடி கையில பார்த்தே போடுங்கண்ணே" என்றேன். "சரிங்க சார்." அதே குரல். அடுத்த பையில் கைவிட்டார், இறுக்கினார், என் முகத்தைப் பார்த்தார். சீட்டில் பத்து என்று எழுதினார்.

அவர் நகர்ந்ததும் அதே பையில் நானும் ஒரு பிடி எடுத்து இறுக்கினேன். ஈரமாக இருந்தது. எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது.