லாபம், இரண்டு, மூன்று

கார்த்திகை பிறந்தால் எங்கள் பக்கம் காற்று மாறிவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து வந்து பனைமரங்களை உலுக்கி எடுக்கும். மலையாளத்தில் இதற்கு விருச்சிகக் காற்று என்று பெயர். முதலமடை மாந்தோப்புகளில் பூ பிடிக்கும் காலமும் அதுதான். தோப்புக்காரர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிவார்கள். மாங்காய் மண்டியில் கணக்கு எழுதும் எனக்கு அப்போது வேலை குறைவு. அந்த இடைவெளியில்தான் போன வருடம் கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு வீட்டில் நடந்த பத்து நாள் மௌனத் தியான முகாமுக்குப் போனேன்.

அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் விடியும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். தோழி ஒருத்தி சொல்லித்தான் பெயர் கொடுத்தேன்.

மொத்தம் பதினான்கு பேர். போனை வாங்கித் துணிப்பையில் போட்டுக் கட்டிவிட்டார்கள். எட்டு சீலங்களை, அதாவது பௌத்த ஒழுக்க விதிகளை, எடுத்துக்கொண்டோம். அதில் ஒன்று, நண்பகலுக்குப் பிறகு சாப்பாடு கிடையாது. விடிகாலை நாலு மணிக்கு மணி அடிக்கும். அதே நேரத்தில் ரோட்டில் கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டி வரும் ஐயப்ப பக்தர்களின் வேன்கள் சரணம் சொல்லிக்கொண்டு போகும். பேசாமல் இருப்பது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. ஏழு மணிப் பசிகூட மூன்றாம் நாளில் அடங்கிவிட்டது. கஷ்டம் எண்ணிக்கையில் வந்தது.

அங்கே சொல்லிக்கொடுத்தது சமதம், அதாவது மனதை ஒரே இடத்தில் நிலைநிறுத்தும் பயிற்சி. மூச்சு மூக்கு நுனியிலோ மேலுதட்டிலோ படும் இடத்தை மட்டும் கவனிக்க வேண்டும். ஆனாபானசதி என்று பெயர். மனம் நிற்காதவர்கள் ஆரம்பத்தில் மூச்சை எண்ணலாம். ஐந்துக்குள் நிறுத்தக் கூடாது, பத்தைத் தாண்டக் கூடாது. என்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன். இருபது வருடமாக எண்ணுவதுதானே என் பிழைப்பு.

பத்தில் நிற்கவே முடியவில்லை. கண்ணை மூடினால் பதினேழு, இருபத்து மூன்று, முப்பத்தொன்று என்று ஓடிக்கொண்டே இருக்கும். லாரியில் ஏறும் கிரேட்டுகள் கண்ணுக்குள் வரும். மூச்சு எங்கே போனதென்றே தெரியாது. எண் மட்டும் தனியாக ஓடும். திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினால் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணுவேன், கழுத்து வலிக்கும். மூன்றாம் நாள் மதியம் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். யாரும் வந்து என்னவென்று கேட்கவில்லை. அதுதான் அங்கே விதி. அன்றைக்கு அந்த விதி எனக்குத் தேவையாக இருந்தது.

நான்காம் நாள், ஆசிரியரிடம் சந்தேகம் கேட்க என் முறை வந்தது. வழிநடத்தியவர் இலங்கையிலிருந்து வந்திருந்த ஒரு பிக்கு. தமிழ் மெதுவாகப் பேசுவார். அவரை மரியாதையாகப் பந்தே என்று கூப்பிடுவோம். "பந்தே, எண்ணிக்கை பத்தைத் தாண்டி ஓடிவிடுகிறது" என்றேன்.

"அப்போது நீங்கள் பிடித்திருப்பது எண்ணை அம்மா, மூச்சை அல்ல" என்றார். அப்புறம் விசுத்திமக்கத்திலிருந்து ஓர் உவமை சொன்னார். ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் என்ற பௌத்த உரையாசிரியர் எழுதிய நூல் அது. முதலில் தானியம் அளப்பவனைப்போல நிதானமாக எண்ண வேண்டும். அவன் மரக்காலை நிறைத்து "ஒன்று" என்று சொல்லிக் கொட்டுவான். அடுத்ததை நிறைக்கும்போது குப்பை கண்ணில் பட்டால் அதைப் பொறுக்கிப் போட்டபடியே "ஒன்று, ஒன்று" என்று சொல்லிக்கொண்டிருப்பான். அவசரமே இல்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் அப்பா நெல் அளப்பவர்.

சித்தூர் தாலுகாவில் ஒரு பெரிய வீட்டுக் களத்தில் வருடக்கணக்காக அளந்தவர். பத்து இடங்கழி கொள்ளும் பறை என்கிற அளவுப் பாத்திரத்தால் அளப்பார். நிறைத்து, தலைதட்டி, சாக்கில் கொட்டுவார். நம் பக்கம் அளக்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அப்பா முதல் பறையைக் கொட்டிவிட்டு, அடுத்தது நிறையும்வரை "லாபம்... லாபம்... லாபம்" என்று பாட்டுப்போல இழுத்துக்கொண்டே இருப்பார். நடுவில் யார் எதைக் கேட்டாலும் பதில் வராது. குனிந்து பதரை ஊதித் தள்ளுவார், வாய் மட்டும் லாபத்தை விடாது. புத்தகோசர் காஞ்சியில் தங்கியிருந்ததை அங்குத்தர நிகாயம் என்ற பௌத்த நூலுக்கு எழுதிய உரையின் முடிவில் அவரே குறிப்பிடுகிறார் என்று பின்னால் படித்தேன். அங்கே ஏதோ ஒரு களத்து மேட்டில் நின்று அவரும் இதைக் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

"ஒன்றுக்குப் பதிலாக லாபம் என்று சொல்லலாமா?" என்று பந்தேயிடம் கேட்டேன். காரணத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சொல்லுங்கள். எண்ணாமலேயே மூச்சோடு இருக்க முடிகிற அன்று அதையும் விட்டுவிடுங்கள்" என்றார்.

அன்று சாயங்காலத்திலிருந்து அப்படித்தான் உட்கார்ந்தேன். மூச்சு வந்து, போய், அடுத்தது வரும்வரை லாபம். அப்புறம் இரண்டு. பனையோலைகள் படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் களத்தில் நெல் கொட்டுவதுபோலக் கேட்டது. கிரேட் ஞாபகம் வந்தால் பதரைப்போல ஊதித் தள்ளினேன், கோபம் வரவில்லை. ஏழாம் நாள் காலையில் எண்ணிக்கை எப்போது நின்றது என்று தெரியவில்லை. மேலுதட்டில் மூச்சு படும் ஒரு சின்ன இடம் மட்டும் இருந்தது. மணி அடித்த பிறகுதான் ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது தெரிந்தது. சிலருக்கு அந்த இடத்தில் நிமித்தம் என்கிற வெளிச்சம் தெரியுமாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அன்று ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்தவள் நாலு மணி அடிக்கும்வரை அசையவில்லை.

பத்தாம் நாள் மௌனம் முடிந்து போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். தென்னை மரத்தடியில் நின்று அம்மாவைக் கூப்பிட்டேன். பத்து நாள் பேசாததில் குரல் கரகரத்தது. சாப்பிட்டாயா என்று அம்மா கேட்டாள். நான் வேறொன்று கேட்டேன். அப்பா நூற்றுக்கணக்கான பறை அளப்பாரே, எண்ணிக்கை தப்பாமல் எப்படி நினைவு வைத்துக்கொண்டார்?

"அவர் எங்கடி நூறு வரைக்கும் எண்ணினார்?" என்றாள் அம்மா. "பத்து முடிஞ்சா மடியிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் கீழே வைப்பார். திரும்ப லாபம்."