'போடுங்க' என்று சொன்ன நாள்

நாளைய வெயில் 36 டிகிரி என்று சொன்னேன், 36.1 வந்தது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானமும் இதுதான்.

கத்திரி நடுவில் ஒரு சாயங்காலம். எங்கள் வீட்டு மாடியைக் கட்டிய மேஸ்திரி போன் செய்தார்.

"சார், நாளைக்கு வெயில் எப்படி?"

"குறையும் மேஸ்திரி. நாலு நாளா அடிச்ச மேற்குக் காத்து தணிஞ்சிடுச்சு. கடல்காத்து பதினோரு மணிக்கெல்லாம் உள்ள வந்துடும். 36தான்."

"அப்ப காங்கிரீட் போட்டுடலாங்களா? மூணு நாளா தள்ளிக்கிட்டே இருக்கேன்."

"போடுங்க."

நான் வேலை பார்க்கும் வானிலை அலுவலகத்தில் நாங்கள் இப்படிப் பேசுவதில்லை. 'வாய்ப்புள்ளது', 'ஒட்டியே இருக்கும்' என்று எழுதுவோம். அது தப்பித்துக்கொள்ளும் மொழி என்று சிரிப்பவர்களோடு நானும் சிரித்திருக்கிறேன். அன்று தெரிந்த மனிதர் கேட்டார், தெரிந்த மாதிரி பதில் சொன்னேன்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணி வாக்கில், பள்ளிக்கரணைப் பக்கம் இரண்டாவது மாடியில், ஜல்லிச் சட்டி தூக்கிக்கொண்டிருந்த சித்தாள் அம்மா ஒருவர் சரிந்து விழுந்தார். பேச்சு குழறியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து பிழைத்துக்கொண்டார். மேஸ்திரி என்னைத் திட்டுவதற்காகக் கூப்பிடவில்லை. "வெயில் நீங்க சொன்ன மாதிரியேதான் சார் இருந்துச்சு. ஆனா இறுக்கம் தாங்கல, வேர்வை காயவே இல்ல" என்றார். திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

அன்றைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 2.30 மணிக்கு உலர் குமிழ் 34.8, ஈரக் குமிழ் 29.2. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த ஈரக் குமிழுக்கு மஸ்லின் துணி மாற்றியிருக்கிறேன். வெள்ளைப் பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகள். ஒன்றன் குமிழில் சுற்றிய துணி, திரியாகத் தண்ணீர்க் குப்பிக்குள் இறங்கியிருக்கும். ஈரம் ஆவியாக ஆவியாகப் பாதரசம் இறங்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் இறங்க மறுக்கும். வேர்க்கும் உடம்பும் அப்படி ஒரு ஈரக் குமிழ்தான். பயிற்சி வகுப்பில் நானே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். போனில் மேஸ்திரி கேட்டபோது ஏனோ துணி சுற்றாத உலர் குமிழின் எண் மட்டும் வாயில் வந்தது.

மேற்குக் காற்று வலுத்தால் கடல்காற்று பிற்பகல் வரை உள்ளே வராது, வெயில் 40-ஐத் தாண்டும். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 தொட்டதே, அதெல்லாம் பேப்பரில் பெரிதாக வரும். கடல்காற்று சீக்கிரம் வந்தால் டிகிரி குறையும், கூடவே ஈரம் ஏறும். கடற்கரை ஊரில் வெப்ப அலை என்று அறிவிக்க 37-ஆவது வேண்டும், அதோடு இயல்பைவிட நாலரை டிகிரி கூடியிருக்க வேண்டும். அன்று இயல்பைவிடக் குறைவு. விதிப்படி பார்த்தால் அன்று சென்னையில் ஒன்றும் நடக்கவில்லை.

ஈரப்பதத்தையும் அறிக்கையில் போட்டிருந்தோமே என்று வாதாடிப் பார்த்ததுண்டு. ஆனால் அந்தச் சதவீதத்தை வைத்து மேஸ்திரி என்ன செய்வார்? காற்றில் ஈரம் அப்படியே இருந்தாலும், வெயில் ஏற ஏற அந்தச் சதவீதம் இறங்கும். காலையில் 80, மத்தியானம் 65 என்று இருந்தால், புழுக்கம் குறைந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் கேட்டது 'வெயில்'. நான் வெயிலைச் சொன்னேன். நிழலில் நிற்பவருக்கும் சட்டி சுமப்பவருக்கும் ஒரே எண்ணா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர் அவரா?

தளம் போடத் தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது, ஒட்டு விழுந்துவிடும், மழையில் ஒழுகும். அதனால் யாரும் நிழலில் உட்காரவும் முடியாது. எங்கள் மாடிக்குப் போட்டபோது பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். மோர் வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான் அன்றைக்குத் தோன்றியது.

அடுத்த வருடம் அவர் கேட்டபோது பயந்துபோய் "வேண்டாம், இறுக்கமா இருக்கும்" என்றேன். அன்று பத்து மணிக்கே மேகம் மூடி, நல்ல காற்று. பதினாறு பேருக்கு ஒரு நாள் கூலி போயிற்று. அதற்கு யாரும் பதிவேடு வைப்பதில்லை. விழுந்த அம்மாவுக்கு அந்த ஒரு நாள் கூலி பெரிதா, முந்தைய வருடத்து இரண்டு நாள் ஆஸ்பத்திரி பெரிதா என்று கேட்டால், அவர் சொல்லப்போகும் பதில் எனக்குப் பிடிக்காததாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

போன வாரம் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை யோசித்து, "விடிகாலை நாலு மணிக்கே ஆரம்பிச்சு பத்துக்குள்ள முடிச்சுடுங்க மேஸ்திரி" என்றேன்.

"மிக்சர் ஓட்டணுமே சார்," என்றார். "ஆறு மணிக்கு முன்னாடி ஓட்டினா அக்கம்பக்கத்துல சண்டைக்கு வர்றாங்க. சரி, வெயில் எவ்வளவு இருக்கும், அத மட்டும் சொல்லுங்க."

37 என்றேன்.